கடல் தாண்டினாலும் செல்லும், தேதி தாண்டினால் செல்லாது

(கிளைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

வருஷத்துக்கு ஒரு முறை ஊருக்கு வரும்போது நம் கூட்டத்தில் தலையைக் காட்டிவிட்டுப் போவது என் வழக்கம். இம்முறை செயலாளர், "அந்தமானைப் பற்றி நாலு வார்த்தை பேசுங்கோ" என்றார். செல்லுலார் ஜெயிலைப் பற்றியும் கடற்கரைகளைப் பற்றியும் சொல்லப் பலர் இருக்கிறார்கள். நான் அங்கே ஸ்கூட்டர் ஓட்டுகிறவன். ஆகவே டிரைவிங் லைசென்ஸைப் பற்றிப் பேசுகிறேன். சிரிக்க வேண்டாம். இங்கே உட்கார்ந்திருக்கும் பலருக்குப் பிள்ளையோ பெண்ணோ வெளி மாநிலத்தில் இருக்கிறார்கள். ரிடையர் ஆனதும் பெட்டியைக் கட்டிக்கொண்டு அவர்களிடம் போகப் போகிறவர்கள் நாம்தான். அப்போது இது உதவும்.

என் பெண்ணுக்கு அங்கே உத்தியோகம். நானும் என் அகமுடையாளும் அவளோடு சௌல்தாரியில் இருக்கிறோம். தெற்கு அந்தமானில், தலைநகருக்கு வெளியே உள்ள கிராமம் அது. நாம் போர்ட் பிளேர் என்று அறிந்த தலைநகருக்கு 2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். ரயில் கிடையாது. பஸ் உண்டு, ஆனால் நமக்கு வேண்டிய நேரத்துக்கு வராது. மாதாமாதம் அகத்தில் அவளுக்கு இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், மருந்து வாங்க வேண்டும். பெண் ஆபீசுக்குப் போய்விட்டால் வண்டியை எடுக்க நான் ஒருவன்தான். என் லைசென்ஸோ கும்பகோணத்தில் கொடுத்தது. அது அங்கே செல்லுமா என்பதுதான் நான் போன முதல் வாரத்தில் எல்லோரும் கேட்ட கேள்வி.

செல்லும். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, லைசென்ஸ் இந்தியா முழுவதும் செல்லும் என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறது. கும்பகோணத்தில் கொடுத்தது காசியிலும் செல்லும், கார் நிகோபாரிலும் செல்லும். மாநிலம் மாறியதற்காகப் புதிதாக ஒன்று எடுக்க வேண்டியதே இல்லை. எடுக்கவும் கூடாது. ஒருவர் ஒரே சமயத்தில் இரண்டு லைசென்ஸ் வைத்திருக்கக் கூடாது என்று 6-ஆம் பிரிவு தடுக்கிறது. ஊர் மாறினால் வேண்டியது விலாச மாற்றம் ஒன்றே.

சரி, அப்படியானால் எங்கே சிக்கல் வருகிறது? தேதியில் வருகிறது. 2019 செப்டம்பர் 1 முதல் கணக்கு மாறிவிட்டது. முப்பது வயதுக்குள் வாங்கினால் நாற்பது வயது வரை செல்லும். முப்பதிலிருந்து ஐம்பதுக்குள் வாங்கினால் பத்து வருஷம். ஐம்பதிலிருந்து ஐம்பத்தைந்துக்குள் என்றால் அறுபது வயது வரை. அதற்கு மேற்பட்ட நம் போன்றவர்களுக்கு ஐந்தைந்து வருஷம்தான். முன்பு தேதி முடிந்தாலும் முப்பது நாள் சலுகை இருந்தது. அந்தச் சலுகையையும் 2019-இல் எடுத்துவிட்டார்கள். தேதி முடிந்த மறுநாள் வண்டியை எடுத்தால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதாகவே பொருள். அபராதம் 5,000 ரூபாய். முன்பு அது 500 ரூபாய்க்குள் இருந்தது.

புதுப்பிக்கத் தேதிக்கு ஒரு வருஷம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். தேதி முடிந்தும் ஒரு வருஷம் வரை விண்ணப்பிக்கலாம், ஆனால் இடையில் ஓட்டக் கூடாது. அந்த ஒரு வருஷமும் தாண்டினால் மறுபடி ஓட்டிக் காட்டித் தேர்வில் தேற வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், பிள்ளை வீட்டுக்குப் போனவர், லைசென்ஸைப் பீரோவில் வைத்து மறந்தே போனார். அறுபத்தெட்டு வயதில், பதினெட்டு வயதுப் பையன்களோடு வரிசையில் நின்று எட்டுப் போட்டுக் காட்டினார். தேறிவிட்டார், அது வேறு விஷயம்.

புதுப்பிக்கச் சொந்த ஊருக்குத்தான் வர வேண்டுமா? வேண்டாம். இதில்தான் நம்மவர்கள் அநாவசியமாக அலைகிறார்கள். தொண்ணூறுகளில் நான் வடக்கே ஒரு மாநிலத்தில் உத்தியோகத்தில் இருந்தபோது, அங்குள்ள ஓர் அலுவலகத்தில், "உங்கள் ஊரிலிருந்து ஆட்சேபம் இல்லை என்று சான்று கொண்டுவாருங்கள்" என்றார்கள். கடிதம் எழுதிக் காத்திருந்ததில் இரண்டு மாதம் போயிற்று. சட்டமோ வேறு விதமாகச் சொல்கிறது. லைசென்ஸ் கொடுத்த அலுவலகம் ஒன்று, புதுப்பிக்கும் அலுவலகம் வேறொன்று என்றால், புதுப்பிக்கும் அலுவலகமே கொடுத்த அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 15-ஆம் பிரிவு. இன்று 'சாரதி' என்ற கணினித் திட்டத்தில் நாடு முழுவதன் லைசென்ஸ் விவரமும் ஒரே இடத்தில் சேர்கிறது. ஆகவே பார்ப்பதும் தெரிவிப்பதும் சுலபமாகிவிட்டது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. கையால் எழுதிய பழைய புத்தக லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் உண்டு. அது சாரதியில் ஏறாமல் இருக்கலாம். அதை ஏற்ற வேண்டியது கொடுத்த அலுவலகம்தான். பெங்களூருக்குப் போனவர் என்றால் ராத்திரி ரயில் ஏறி வந்துவிடலாம். அந்தமானிலிருந்து? சென்னைக்குக் கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள், விமானம் என்றால் செலவு. ஒரு பதிவுக்காகச் சமுத்திரத்தைத் தாண்டுவது ஆஞ்சநேயருக்குச் சரி, நமக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே சாரதி தளத்தில் உங்கள் லைசென்ஸ் எண்ணைப் போட்டுப் பாருங்கள். விவரம் வந்தால் நிம்மதி. வராவிட்டால் இங்கே இருக்கும்போதே முடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பெயர். நமக்கு இனிஷியல்தான் உண்டு. வடக்கத்தியர் 'சர்நேம்' என்ன என்பார்கள். லைசென்ஸில் 'ரா. ஸ்ரீநிவாசன்', ஆதாரில் 'ஸ்ரீநிவாசன் ராமஸ்வாமி', பென்ஷன் புத்தகத்தில் 'சீனிவாசன்' என்று இருந்தால் மூன்று பேர் என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும். பெயரும் பிறந்த தேதியும் எல்லாக் காகிதத்திலும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது விலாசம். பிள்ளை வீட்டில் இருக்கும் நமக்கு வாடகைப் பத்திரமும் இல்லை, கரண்ட் பில்லும் நம் பெயரில் இல்லை. அதற்கும் வழி உண்டு. 2023 ஜனவரியில் ஆதார் ஆணையம், குடும்பத் தலைவரின் சம்மதத்தோடு அவர் விலாசத்துக்கு மாறும் வசதியை அறிவித்தது. உறவைக் காட்டும் ரேஷன் கார்டு, பாஸ்போர்ட் போன்ற ஓர் ஆவணம் போதும். விண்ணப்பித்தபின் பிள்ளையோ பெண்ணோ முப்பது நாளுக்குள் கணினி மூலம் சம்மதம் தெரிவிக்க வேண்டும். ஆதார் மாறினால் லைசென்ஸில் விலாசம் மாற்றுவது எளிது. முதலில் ஆதார், பிறகு லைசென்ஸ் என்ற வரிசையை மறக்க வேண்டாம்.

கணினியில் செய்யலாம் என்று நான் சொல்வதும் சமீபத்தில் வந்த சௌகரியம்தான். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடியில் சுமார் 2,300 கிலோமீட்டருக்குக் கேபிள் போட்டுத் தீவுகளை இணைத்தார்கள். அதற்கு முன் எல்லாம் சாட்டிலைட் வழிதான்.

வண்டி விஷயம் வேறு. அதை லைசென்ஸோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. வெளி மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அந்த இடத்து எண்ணுக்கு மாற்ற வேண்டும் என்பது 47-ஆம் பிரிவு. அதற்குப் பழைய அலுவலகத்தின் தடையில்லாச் சான்று, அதாவது படிவம் 28, நிச்சயம் வேண்டும். வண்டியைக் கப்பலில் ஏற்றும் முன்பே அதை வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம். வண்டிக்குக் கடன் பாக்கி இருந்தால் கடன் கொடுத்தவரின் சம்மதமும் வேண்டும். அடிக்கடி மாற்றல் ஆகும் அரசு ஊழியர்களுக்கு 2021 செப்டம்பர் முதல் 'பிஎச்' என்ற பாரத் வரிசை எண் வந்திருக்கிறது. அந்த எண் இருந்தால் ஊருக்கு ஊர் மாற்ற வேண்டாம். பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

லைசென்ஸ் தேதிக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்றால், அபராதத்துக்காக அல்ல. 2004 ஜனவரியில் ஸ்வரண் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்புச் சொன்னது. லைசென்ஸ் செல்லாதது என்ற காரணத்துக்காக மட்டும், அடிபட்டவருக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் தராமல் இருக்க முடியாது. ஆனால் வண்டிக்காரர் அஜாக்கிரதையாக நிபந்தனையை மீறினார் என்று நிரூபித்தால், கொடுத்ததைக் கம்பெனி அவரிடமிருந்து வசூலிக்கலாம். ஆயுசு முழுவதும் சேர்த்த பிராவிடண்ட் பண்டும் வீடும் ஒரு தேதிக்காகப் போக வேண்டுமா?

கடைசியாக ஒன்று. நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் புதுப்பிக்கும்போது டாக்டரிடம் படிவம் 1ஏ வாங்க வேண்டும். தெரிந்த டாக்டர் என்று பரிசோதிக்காமல் கையெழுத்து வாங்கிவிடாதீர்கள். கண்ணில் புரை இருக்கிறதா, கை கால் சொன்னபடி கேட்கிறதா என்று நிஜமாகவே பார்க்கச் சொல்லுங்கள். பின் ஸீட்டில் உட்காருவது நம் அகத்து மனுஷி. டாக்டர் வேண்டாம் என்றால் சாவியைப் பெண்ணிடம் கொடுத்துவிட வேண்டியதுதான். எனக்கு இந்த முறை சரி என்று சொல்லிவிட்டார். அடுத்த ஐந்து வருஷத்துக்குப் பிறகு என்ன சொல்கிறாரோ, அதைக் கேட்டுக்கொள்வேன்.

இன்று ஆத்துக்குப் போனதும் முதல் வேலையாகப் பர்ஸைத் திறந்து உங்கள் லைசென்ஸில் முடியும் தேதியைப் பாருங்கள். மாமிகளும்தான்.