பழம்பொருள்களில் விழா அணிகள்

(பகவான் மகாவீரர் முக்தித் திருநாளையொட்டி மகளிர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

தீபாவளி நமக்கு 24-ஆம் தீர்த்தங்கரர் வீடுபேறு எய்திய நாள். தேவர்கள் ஏற்றிய விளக்குகளால் பாவாநகர் ஒளிர்ந்தது என்றும், அதுமுதல் மக்கள் ஆண்டுதோறும் தீபாலிகை கொண்டாடலாயினர் என்றும் கி.பி. 783-இல் ஜினசேனாசாரியர் நிறைவுசெய்த ஹரிவம்ச புராணம் உரைக்கின்றது. உடுத்த ஆடையையும் துறந்து சென்ற பெருமானின் நாள் அது. அந்நாளுக்கென நாம் கடைவீதியில் பளபளக்கும் நெகிழித் தோரணமும் தெர்மோகோல் தாமரையும் வாங்கி, மூன்றாம் நாள் குப்பையில் எறிகின்றோம். அலங்காரத்திற்கான தெர்மோகோல் 2022 ஜூலை 1 முதல் நாடெங்கும் தடைசெய்யப்பட்டுள்ளது. நெகிழிக் கொடிகளைத் தமிழக அரசு 2019 ஜனவரி 1-இலேயே தடைசெய்துவிட்டது. சட்டம் வந்தபின்னரா கொல்லாமை நெறியினர் விழித்துக்கொள்வது?

சிராவகர்க்குரிய குணவிரதங்களுள் அனர்த்த தண்ட விரதம் என ஒன்று உண்டு. பயனின்றி மண்ணை அகழ்தல், நீரைச் சிந்துதல், தீ வளர்த்தல், செடிகொடிகளை அறுத்தல் ஆகியவற்றை விலக்குவதும் அதன்பாற்படும். இல்லறத்தார் ஓரறிவுயிர்களுக்கு ஊறு செய்யாமல் வாழ இயலாது; நம் ஆகமங்களும் அவ்வாறு கட்டளையிடவில்லை. ‘பயனின்றி’ என்னும் சொல்லைத்தான் நோக்க வேண்டும். குருத்தோலையை வெட்டிக் கட்டும் தோரணம் மறுநாளே வாடுகின்றது. பழைய பருத்திச் சேலையில் தைத்த தோரணம் பத்தாண்டு நிற்கும்.

அதனைச் செய்வது எளிது. ஐந்தரை மீட்டர்ச் சேலையை எட்டு அங்குலச் சதுரங்களாக வெட்டினால் நூற்றுக்கு மேல் கிடைக்கும். ஒவ்வொன்றையும் மூலைக்கு மூலை மடித்து, மடிப்பினுள்ளே பழைய பருத்திக் கயிற்றை வைத்து, ஓர் ஓட்டுத் தையல் போட்டால் போதும். நூறு சதுரங்கள் 80 அடிக்குமேல் வரும். வீட்டு வாயிலுக்குப் போக ஜினாலய மண்டபத்திற்கும் ஆகும். பசை வேண்டா என்பதே இதன் சிறப்பு. தச்சர் காய்ச்சும் வச்சிரப்பசை விலங்குகளின் தோலிலிருந்து செய்யப்படுவது; அது நம் மனைக்குள் வரலாகாது. பூச்சி அண்டாதிருக்கச் சுவரொட்டிப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள், அது நச்சு. மைதாப் பசை இன்றியமையாததாயின், அன்றைக்கு வேண்டிய அளவே காய்ச்சுங்கள். வைத்திருந்து புளித்த பசை எறும்புக்கும் பூஞ்சைக்கும் இடமாகும்.

பட்டுச் சேலை ஆகாதா என்று ஒரு சகோதரி சற்றுமுன் வினவினார். ஆரணியும் காஞ்சியும் நமக்கு அயலூர்கள் அல்ல. பட்டில்லாத பெட்டி நம் வீடுகளில் அரிது. நெய்தாயிற்று, உடுத்தாயிற்று, இனிப் புதிதாக எந்தப் புழுவும் சாகப்போவதில்லை என்னும் வாதத்தையும் அறிவேன். ஆயினும் கூட்டோடு கொதிநீரில் இடப்பட்ட உயிர்களை எண்ணும்போது, அருகன் திருமுன் அதனைத் தொங்கவிட என் மனம் ஒருப்படவில்லை. ஜரிகைக் கரையைப் பிரித்துக் கொடுத்துவிடலாம். அதனை வாங்குவோர் இருக்கின்றனர்.

திருமண அழைப்பிதழ்கள் அனைவர் வீட்டிலும் குவிந்துள்ளன. அத்தடித்த தாளிலிருந்து மூன்று அளவில் வட்டங்களை வெட்டி, ஒவ்வொன்றிலும் ஆரத்தளவுக்கு ஒரு கீறலிட்டு, ஓரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இழுத்து நூலால் தைத்தால் குடை வடிவம் பெறும். பெரியது கீழும் சிறியது மேலுமாகக் கோத்தால் முக்குடை. அட்டமங்கலங்களான கண்ணாடி, கலசம், சாமரம், விசிறி முதலியவற்றையும் குழந்தைகள் இவ்வாறே வெட்டுவர். வெட்டும்போதே அவற்றின் பெயரும் பொருளும் மனத்தில் பதியும். ஒரு நாள் வகுப்பெடுத்தாலும் அவ்வளவு பதியாது! ஆனால் ஜினபிம்பமோ மந்திர எழுத்தோ அச்சிட்ட பகுதியில் கத்தரி படலாகாது. அதனைத் தனியே எடுத்து வையுங்கள்.

இனி விளக்கு. நம் ஊர்களில் தீபாவளி மழைக்காலத்தில் வருவது. சுடரை நாடி ஈசலும் விட்டிலும் வந்து விழும் காலம். அறியாமை இருளை நீக்கிய பெருமானுக்கு ஏற்றும் விளக்கில் உயிர் கருகுவதை நாம் பார்த்துக்கொண்டிருக்கலாகாது. அகன்ற வாயுள்ள பழைய கண்ணாடிப் புட்டியைக் கழுவி உலர்த்தி, அடியில் இரண்டு விரற்கடை மணல் பரப்பி, அதன்மேல் சிறு அகலை வையுங்கள். தேய்ந்துபோன மாவுச் சல்லடையின் கம்பி வலையை வட்டமாக வெட்டிப் புட்டியின் வாயில் மூடுங்கள். காற்று புகும், பூச்சி புகாது. சுடர் சிறிதாக இருக்கட்டும், இல்லையேல் கண்ணாடி விரிசல் காணும். வாசலில் பத்து அகல் வைப்பவர் இவ்வாறு மூன்று வைத்தால் போதும் என்பேன்.

பால் உறைகளையும் நெகிழிப் புட்டிகளையும் வெட்டிப் பூச்செய்யும் வழக்கம் இப்போது பெருகியுள்ளது. இதனை நான் ஏற்கவில்லை. முழுதாக இருந்தால் பழைய பொருள் வாங்குவோர் எடுத்துச் செல்வர். துண்டு துண்டாக வெட்டி நிறம் பூசிவிட்டால் ஒருவரும் எடுக்கார். அத்துண்டுகள் காற்றில் பறந்து மாட்டின் வயிற்றிற்கும் ஏரிக்கும் போய்ச்சேரும்.

மற்றொன்று, நம் கூட்டத்தில் சிலர்க்குக் கசக்கலாம். ‘என்றேனும் உதவும்’ என்று கூறிப் பரண் முழுதும் அட்டையும் டப்பாவும் சேர்ப்பதும் பரிக்கிரகமே. அவ்விருட்டில் கரப்பானும் செல்லும் குடியேறும். பின்னர் மருந்தடிக்க ஆள் தேடுவோம். மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதத்திற்கு அளவு குறிப்பதே அடிப்படை. ஆகவே வீட்டிற்கு ஒரு பெட்டி என வரையறுங்கள். அது நிரம்பினால் புதிதாக ஒன்றும் சேர்க்க வேண்டா. நம் துறவியர் கையிலுள்ள பீலி, மயில் தானே உதிர்த்த இறகால் ஆனது; அவர்களும் ஒரு பீலிக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை.

விழா முடிந்தபின் அவிழ்ப்பதிலும் கவனம் தேவை. தோரணத்தைப் பகலொளியில் மெல்ல இறக்குங்கள். மடிப்பினுள் சிலந்தியோ எறும்போ இருப்பின் மெல்லிய துணியால் வருடி வெளியே விட்டு, பின்னரே துவைத்து நிழலில் உலர்த்துங்கள். முக்குடைகளை நூலோடு பிரித்துத் தட்டையாக அடுக்கலாம். மண்டபத் தோரணத்திற்குச் சேலை தர விரும்புவோர், துவைத்த பருத்திச் சேலையாகக் கொண்டுவந்து இங்குள்ள சகோதரியரிடம் ஒப்படைக்க வேண்டுகிறேன். தையல் வேலையைப் பகலிலேயே வைத்துக்கொள்வோம்.