வாரத்தில் 2 மணி நேரம்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



நாங்க நாலு பேரும் ஒரே குழு. ஞாயிறு மதியம் திண்டுக்கல்லில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போய் வருகிறோம். "அங்க போய் என்னதான் செய்றீங்க?" என்று பலரும் கேட்கிறீர்கள். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறோம்.

பழம், பிஸ்கட் கொடுத்து போட்டோ எடுத்துக்கொண்டு போகிறவர்கள் நிறைய. அங்கே சாப்பாட்டுக்குக் குறையில்லை. பேசத்தான் ஆளில்லை.

அங்கே ஒரு அம்மா இருந்தார். நிலக்கோட்டைப் பக்கம் பூக்கட்டிப் பிழைத்தவர். புற்றுநோய் முற்றிப் படுத்திருந்தார். எங்களைப் பார்த்ததும், "இன்னிக்கு மல்லி கிலோ என்ன வெல தாயி?" என்பார். அதனால் காலையிலேயே பூ மார்க்கெட்டில் விலை விசாரித்துக்கொண்டுதான் போவோம். ஒரு வாரம் உதிரிப்பூவும் நாரும் கொண்டுபோனோம். நடுங்குகிற விரலால் நெருக்கிக் கட்டச் சொல்லிக் கொடுத்தார். அன்றைக்கு அவர் நோயாளி இல்லை, எங்களுக்கு டீச்சர். கடைசியில் பேச்சு நின்றுவிட்டது. கையைப் பிடித்துக்கொண்டு விலையைச் சொல்வோம், விரலை அழுத்துவார். போன தை மாதம் காலமானார்.

போகிறவர்கள் மனதில் வைக்க வேண்டியது இதுதான். வர்றோம்னு சொன்ன நாளில் போயே ஆகணும். அவர்கள் நாளை எண்ணிக்கொண்டு இருப்பார்கள். "மகன் ஏன் பார்க்க வரல?" என்று கிளறக் கூடாது. "எல்லாம் சரியாயிடும்" என்று பொய்யும் சொல்லக் கூடாது. அவர் சொன்ன வீட்டுக்கதை வெளியே போகக் கூடாது. வலி என்றால் உடனே நர்ஸிடம் சொல்லணும். "வயசானா அப்படித்தான்" என்று விடக் கூடாது. புற்றுநோய் வலியைத் தணிக்க நல்ல மருந்து இருக்கிறது.

இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். கேரளாவில் மலப்புரம் பகுதியில் 2001-ல் அக்கம்பக்கத்து ஜனங்களே சேர்ந்து நோய்த் தணிப்புச் சேவையை ஆரம்பித்தார்கள். வாரம் 2 மணி நேரம் ஒதுக்க முடிந்தவர்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்தார்கள். 2008-ல் கேரள அரசே இதற்கென ஒரு கொள்கையை அறிவித்தது. நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் இந்தச் சிகிச்சை வீட்டுக்கே வந்தது. அதற்கு வீடு வீடாகப் போன தன்னார்வலர்கள் நம்மைப் போன்ற குழுப் பெண்கள்தான்.

சகோதரிகளே, சேமிப்பை வாரா வாரம் தவறாமல் கட்டிப் பழகியவர்கள் நாம். அதே மாதிரி 2 மணி நேரம். குழுவுக்கு இரண்டு பேர் வந்தால், இல்லத்தில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு சிநேகிதி கிடைப்பார். கூட்டம் முடிந்ததும் பேர் கொடுத்துவிட்டுப் போங்க.