தனித்து நிற்கும் குடும்பங்களும் நம் ஆலயங்களும்



மீள்குடியேறிய கிராமத்தில் தனித்துப் பிள்ளை வளர்க்கும் தாயிடம் நாம் முதலில் கேட்பது, “அவர் எங்கே?” என்பதுதான். பலரிடம் அதற்குப் பதில் இல்லை.

கேட்க வேண்டியது வேறு. கிணறு இறைக்க, வேலி அடைக்க ஆள் வேண்டுமா? கூலி வேலைக்குப் போகும் நேரம் பிள்ளைகளை ஆலய மண்டபத்தில் பார்த்துக்கொள்ளலாமா? பிரதேச செயலகத்துக்குத் துணை வேண்டுமா? மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாதவர்கள், 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, காணாமற்போனமைக்கான சான்றிதழ் கோரலாம், விளக்கிச் சொல்லுங்கள்.

உதவி கொடுக்கும்போது படம் எடுக்காதீர்கள். வீட்டுக்கு இரண்டு பெண்களாகப் போங்கள். ஊர் வாய்க்கு இடம் வைக்காதீர்கள். சபைக்கு வராதவர் வீட்டுக்கும் போங்கள்.

திட்டம் முடிந்ததும் நாங்கள் போய்விடுவோம். அயலில் இருக்கப்போகிறவர்கள் நீங்கள்தான்.