ஆங்கிலப் பாட்டும் நம் பிள்ளைகளும்

(கொடும்பாளூரில் வாசகசாலை நண்பர்கள் கூட்டிய கூட்டத்தில் பேசியதன் சாரம்)



ஆங்கிலப் பாட்டைப் படிப்பதைப் பற்றியும், அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதைப் பற்றியும் நாம் பேச வேண்டுமென்று இங்குள்ள வாலிபத் தோழர்கள் கேட்டுக்கொண்டார்கள். நாம் பண்டிதரல்ல, கல்லூரி வாசலை மிதித்தவருமல்ல. பழைய புத்தகக் கடையில் வாங்கிய அகராதி ஒன்றை வைத்துக்கொண்டு, இராக்காலங்களில் எழுத்துக்கூட்டிப் படித்ததுதான் நம்முடைய ஆங்கிலம். ஆகையால் நாம் சொல்லுவதைச் சொன்ன ஆளுக்காக ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள்; இல்லாவிட்டால் இங்கேயே உதறிவிட்டுப் போய்விடுங்கள்.

இந்த விஷயத்தை இந்த ஊரில் பேசுவது பொருத்தமென்றே நினைக்கிறோம். சிலப்பதிகாரத்தில் மதுரைக்கு வழி சொல்லுகிற பார்ப்பனன், வழி மூன்றாகப் பிரிகிற இடமாகச் சொல்லுவது உங்கள் கொடும்பாளூர்க் குளக்கரையைத்தான். இங்கே மூவர் கோயில் என்று ஒன்று இருக்கிறது. மூன்று கோயில்களில் இரண்டு நிற்கின்றன; மூன்றாவதற்கு அடிப்பகுதி மட்டும் மிச்சம். அவற்றைக் கட்டியவன் பூதி விக்கிரமகேசரி என்னும் இருக்குவேள் அரசன். அவனுடைய முன்னோர் யார் யார், எந்தெந்த அரசரை வென்றார்கள் என்று ஆயிரம் வருஷத்துக்கு முன் கல்லில் ஒரு பாட்டு வெட்டிவைத்திருக்கிறார்கள். எழுத்து கிரந்தம், பாஷை சமஸ்கிருதம். அரசன் தன் பேராலும் தன் இரண்டு மனைவிமார் பேராலும் கோயில் எடுத்ததையும், மல்லிகார்ச்சுனர் என்ற காளாமுகத் துறவிக்கு மடம் கொடுத்து, ஐம்பது துறவிகளுக்குச் சாப்பாடு போடப் பதினொரு கிராமங்களை எழுதிவைத்ததையும் அந்தப் பாட்டுச் சொல்லுகிறது.

தோழர்களே! பாட்டு நல்ல பாட்டாகவே இருக்கட்டும். அந்தப் பதினொரு கிராமத்தில் உழுதவன் யார்? நாற்று நட்டவள் யார்? அவர்கள் சாப்பிட்டார்களா இல்லையா? அதைப்பற்றி அந்தப் பாட்டில் பேச்சே இல்லை. அவர்கள் காதில் அது விழுந்திருந்தாலும் விளங்கியிருக்காது. அவர்களுக்கு அது வெறும் ஓசை. விளங்காத ஓசைக்குத் தலை வணங்குவதும், விளங்கவில்லை என்பதினாலேயே அதற்குப் பெருமை கொடுப்பதும் நம் நாட்டிலே பழைய வியாதி. மந்திரம் என்பது அதுதான். இன்றைக்கு ஆங்கிலப் பாட்டும் நம் பிள்ளைகளுக்கு இன்னொரு மந்திரமாக ஆகிவிட்டதே என்பதுதான் நம்முடைய கவலை.

சமீபத்தில் ஓர் ஊருக்குப் போயிருந்தோம். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்குழந்தை, டென்னிசன் எழுதிய குதிரைப்படைப் பாட்டை ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தாள். கூட்டத்தார் கை தட்டினார்கள். நாம் அருகில் அழைத்து, "அம்மா, இந்தப் பாட்டில் என்ன நடக்கிறது?" என்று கேட்டோம். குழந்தை திகைத்து நின்றாள். பிறகு மெதுவாய், "அது எனக்குச் சொல்லிக்கொடுக்கலீங்க, ஒப்பிச்சா மார்க்கு உண்டுன்னு மட்டும் சொன்னாங்க" என்றாள். அவள் தாயார் களையெடுக்கப் போகிறவர். அந்த அம்மாள் கூலியில் மிச்சம் பிடித்துச் சம்பளம் கட்டி வாங்கிக் கொடுத்தது அந்த மந்திரத்தைத்தான்.

இது எப்படி வந்தது? 1835-இல் மெக்காலே எழுதிய குறிப்பின் நோக்கம், ஆளுகிறவர்களுக்கும் ஆளப்படுகிறவர்களுக்கும் நடுவே நிற்க ஒரு கூட்டத்தைத் தயார் செய்வது. 1857-இல் சென்னைச் சர்வகலாசாலை ஏற்பட்டது. நம் பிள்ளைகள் ஷேக்ஸ்பியரையும் மில்டனையும் படித்துப் பரீட்சை எழுதிப் பல வருஷங்கள் ஆன பிறகு, 1890-களில்தான் ஆக்ஸ்போர்டிலேயே ஆங்கில இலக்கியத்துக்கென்று தனித் துறை உண்டாயிற்று. அதாவது வெள்ளைக்காரன் தன் பிள்ளைக்குக் கட்டாயமென்று நினைப்பதற்கு முன்பே நம் பிள்ளைக்கு அதைக் கட்டாயமாக்கினான். பரீட்சைக்கு வந்த பாட்டு பரீட்சையோடே நின்றுவிட்டது.

இதற்காக ஆங்கிலப் பாட்டைத் தூக்கி எறிந்துவிட வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. கத்தியைக் கொடுத்தவன் எந்த எண்ணத்தோடு கொடுத்திருந்தாலும், கைக்கு வந்துவிட்ட கத்தியால் காய் நறுக்கலாம். நறுக்கத் தெரியவேண்டும், அவ்வளவுதான்.

முதலில் ஓசையைப் பார்ப்போம். நம் பிள்ளைகள் ஆங்கிலப் பாட்டைப் படித்தால் ஏன் செத்த பாட்டாக இருக்கிறது? தமிழில் எழுத்து நீண்டால் பொருள் மாறும். கல் வேறு, கால் வேறு. பல் வேறு, பால் வேறு. ஆகவே நம் செய்யுளும் குறில், நெடில், ஒற்று என்று பார்த்து, நேர், நிரை என்று அசை பிரித்து நடக்கிறது. ஆங்கிலத்திலோ ஒரு சொல்லின் எந்தப் பாகத்தை அழுத்திச் சொல்லுகிறோம் என்பதில் காரியம் இருக்கிறது. 'பிரசென்ட்' என்ற சொல்லில் முன்பாகத்தை அழுத்தினால் பரிசு. பின்பாகத்தை அழுத்தினால் பரிசு கொடு என்ற வினை. அந்த அழுத்தத்தை எண்ணித்தான் அவர்கள் பாட்டுக் கட்டுகிறார்கள். ஷேக்ஸ்பியர் நாடகங்களில் பெரும்பாலான அடிகள், மெலிந்தது ஒன்று, அழுத்தியது ஒன்று என்று ஐந்து தடவை வருகிற நடை. நாம் எல்லா அசையையும் ஒரே கனமாகப் படித்தால், பறைக்காரர் எல்லா அடியையும் ஒரே பலத்தோடு அடித்த மாதிரி ஆகிவிடும். அதில் ஆடவும் முடியாது, அழவும் முடியாது.

இதைச் சொல்லிக்கொடுக்கப் பெரிய படிப்பு வேண்டுமென்று நினைக்காதீர்கள். இங்கே உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்கு நடவுப் பாட்டுத் தெரியும். பெரியவர்கள் ஏற்றப் பாட்டுக் கேட்டிருப்பார்கள். அது சாலை எண்ணிக்கொண்டே போகும், பாட்டும் கணக்கும் ஒன்றாக நடக்கும். கையும் காலும் எங்கே விழுகிறதோ அங்கே சொல்லும் விழும். வாத்தியார் பிள்ளைகளை எழுப்பி நிறுத்தி, அழுத்தம் வருமிடத்தில் கை தட்டச் சொன்னால் போதும். நம்முடைய எதுகை அடியின் தொடக்கத்தில் இரண்டாம் எழுத்தில் வரும். அவர்களுடையது பெரும்பாலும் அடியின் கடைசியில், நம் இயைபுபோல் வரும் என்று காட்டினால் போதும். நடவுப் பாட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இது அரைமணி நேர வேலை. ஆனால் அந்தப் பிள்ளையிடம் "உன் ஆத்தாள் பாடுவதும் பாட்டுத்தான்" என்று ஒருவரும் சொல்லுவதில்லை.

ஓசை எதற்கென்றால், அதில் பொருள் ஒளிந்திருக்கிறது என்பதற்காக. பிளேக் என்ற கவி 1789-இல் புகைக்கூண்டு துடைக்கும் பையனைப் பற்றி ஒரு பாட்டு எழுதினார். அந்நாளில் இங்கிலாந்தில் சின்னஞ்சிறு பிள்ளைகளை விலைக்கு வாங்கிப் புகைக்கூண்டுக்குள் ஏறவிட்டுக் கரி துடைக்கச் செய்வார்கள். அவர்கள் தெருவில் 'ஸ்வீப்' என்று கூவி வேலை தேட வேண்டும். இந்தப் பிள்ளைக்கோ நாக்குத் திரும்பாத வயசு. முதல் எழுத்து வாயில் வரவில்லை. 'ஸ்வீப்' என்பது 'வீப்' என்று ஆகிவிடுகிறது. 'ஸ்வீப்' என்றால் துடைப்பது. 'வீப்' என்றால் அழுவது. வேலை கேட்கும் கூவலே அழுகையாகிவிட்டது! இதை உரைநூலில் "புகைக்கூண்டு சுத்தம் செய்யும் சிறுவன்" என்று எழுதிப் போட்டால் என்ன மிஞ்சும்? வாய்விட்டுப் படித்தால்தான் அந்தக் குழந்தையின் வயசு காதில் விழும். வயசு காதில் விழுந்தால்தான் கோபம் வரும்.

1794-இல் அவரே அதே பொருளில் இன்னொரு பாட்டு எழுதினார். அதில் பனியில் கிடக்கும் பையனைத் தாய் தகப்பன் எங்கே என்று கேட்டால், கோயிலுக்குப் பிரார்த்தனைக்குப் போயிருக்கிறார்கள் என்கிறான்! பிளேக் நாத்திகரல்ல, ஏசுவிடம் பற்றுள்ளவர். அவரே குருக்களையும் அரசனையும் சேர்த்துக் கேட்ட கேள்வி இது. இங்கிலாந்தில் இந்தக் கொடுமையைத் தடுக்க 1788-லேயே சட்டம் வந்தது. ஆனால் 1875-இல் வந்த சட்டத்துக்குப் பின்புதான் உண்மையில் ஒழிந்தது. எண்பத்தேழு வருஷம்! மலக்குழியில் மனிதனை இறக்கக் கூடாதென்று 2013-இல் நம் நாட்டில் சட்டம் வந்த பிறகும் அதில் மூச்சு முட்டிச் சாகிறவர்கள் இருக்கிறார்கள் அல்லவா? பிளேக்கைச் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார் இதைச் சொல்லாமல் விட்டால், அவர் பாட்டைச் சொல்லிக்கொடுக்கவில்லை என்பதுதான் நம் அபிப்பிராயம்.

இனி அந்தக் குழந்தை ஒப்பித்த பாட்டுக்கு வருவோம். 1854 அக்டோபர் 25-ஆம் தேதி கிரிமியா யுத்தத்தில், மேலதிகாரிகளின் உத்தரவில் ஏற்பட்ட குழப்பத்தால், அறுநூறு சொச்சம் குதிரை வீரர்கள் ருஷிய பீரங்கிகளின் வாய்க்கு நேரே அனுப்பப்பட்டார்கள். நூற்றுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதே டிசம்பரில் டென்னிசன் பாட்டு வெளிவந்தது. ஓசை மகா சாமர்த்தியம். படிக்கும்போதே குதிரைக் குளம்பு கேட்கும். யாரோ தவறு செய்துவிட்டார்கள் என்று பாட்டே ஒப்புக்கொள்ளுகிறது. ஆனால் அடுத்த நொடியே, கேள்வி கேட்பது சிப்பாயின் வேலையல்ல, சாவதுதான் வேலை என்று சொல்லிக் குளம்போசை நம்மை இழுத்துக்கொண்டு ஓடிவிடுகிறது. தப்புச் செய்தவன் யார் என்று கேட்க நேரமே கொடுப்பதில்லை. இனிய ஓசையின் ஆபத்து இதுதான், தோழர்களே! விஷத்தைத் தேனில் குழைத்துக் கொடுத்தால் நாக்குக்குத் தெரியாது.

இதற்கு மருந்தும் ஆங்கிலத்திலேயே இருக்கிறது. வில்பிரெட் ஓவன் என்ற வாலிபர் முதல் மகாயுத்தத்தில் சண்டையிட்டவர். நாட்டுக்காகச் சாவது இனிது என்ற பழைய லத்தீன் அடியையே தலைப்பாக வைத்து, அது பழைய பொய்யென்று 1917-இல் ஒரு பாட்டு எழுதினார். அதில் குளம்போசை இல்லை. சேற்றில் தடுக்கி நடப்பவனின் இருமல் இருக்கிறது, விஷப்புகையில் மூச்சுத் திணறுவது இருக்கிறது. 1918 நவம்பர் 4-ஆம் தேதி அவர் யுத்தத்திலேயே கொல்லப்பட்டார். ஒரு வாரத்தில் யுத்தம் முடிந்தது. இரண்டு பாட்டையும் ஒரே நாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். எதை நம்புவது என்று பிள்ளை தானே முடிவு செய்யட்டும்.

தானே முடிவு செய்யட்டும் என்று ஏன் சொல்லுகிறோம் என்றால், நீதி போதனையும் மந்திரமாகப் போய்விடக் கூடும். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் தலைவராயிருந்த வில்லியம் மில்லர் என்ற பாதிரியார் ஷேக்ஸ்பியரை நடத்தையோடு பொருத்திப் பாடம் சொன்னவர். 'லியர் அரசனும் இந்திய அரசியலும்' என்று ஒரு புத்தகமே 1900-இல் எழுதினார். பாட்டுக்கும் வாழ்க்கைக்கும் சம்பந்தம் உண்டென்று நம் மாணாக்கருக்குக் காட்டியதற்காக அவரைப் பாராட்ட வேண்டியதுதான். ஆனால் பாதிரியாரோ, பண்டிதரோ, நம்மைப்போன்ற பகுத்தறிவுக்காரரோ, யாராயிருந்தாலும், நீதியை முன்னாடியே மடியில் கட்டிக்கொண்டு வந்து பாட்டுக்குள்ளிருந்து எடுப்பதாகப் பாவனை செய்யக் கூடாது. கேள்வியை மட்டும் கொடுக்க வேண்டும். லியர் அரசன் எல்லாவற்றையும் இழந்து புயலில் நனைகிறபோதுதான், உடுக்கத் துணியில்லாத ஏழைகளைப் பற்றி அரசனாயிருந்தபோது நினைக்கவில்லையே என்று வருந்துகிறான். இந்தக் காட்சியைப் படித்துவிட்டுப் பிள்ளைகளை மூவர் கோயில் கல்லின் முன்னால் கூட்டிவந்து நிறுத்துங்கள். இந்த அரசன் பாட்டில் அந்த நினைப்பு எங்கேயாவது வருகிறதா என்று கேளுங்கள். வேறொன்றும் சொல்ல வேண்டாம்.

ஷெல்லி 1811-இல் நாத்திகத்தைப் பற்றித் துண்டுப் புத்தகம் போட்டதற்காக ஆக்ஸ்போர்டிலிருந்து வெளியேற்றப்பட்டவர். 1819-இல் மான்செஸ்டரில் உரிமை கேட்டுக் கூடிய ஜனங்கள்மீது குதிரைப்படையை ஏவிக் கொன்றபோது, தொழிலாளர் வாயில் சுலபமாக நிற்கும்படி சின்னச் சின்ன அடிகளில் ஒரு பாட்டு எழுதினார். அச்சுப்போட அஞ்சினார்கள், அவர் செத்துப் பத்து வருஷத்துக்குப் பின் 1832-இல்தான் வெளிவந்தது. நம் பாரதியார் 'ஷெல்லிதாசன்' என்று புனைபெயர் வைத்துக்கொண்டது இந்த ஷெல்லியின் பேரால்தான். பாருங்கள், அதே ஆங்கிலத்தில் சிப்பாயை வாய் மூடச் சொல்லும் பாட்டும் இருக்கிறது, தொழிலாளியை வாய் திறக்கச் சொல்லும் பாட்டும் இருக்கிறது. எது நம் பிள்ளை கைக்கு வருகிறது, எப்படி வருகிறது என்பதைப் பொறுத்தே எல்லாம்.

ஆகவே நாம் இவ்வூர்த் தோழர்களை வேண்டிக்கொள்வது இதுதான். இந்த வாசகசாலையில் வாரத்தில் ஒரு மாலை பிள்ளைகளைக் கூட்டுங்கள். பாட்டை முதலில் வாய்விட்டுப் படியுங்கள். கை தட்டிப் படியுங்கள். பிறகு தமிழில் பொருள் சொல்லச் சொல்லுங்கள். தப்பாய்ச் சொன்னாலும் சிரிக்காதீர்கள். கடைசியாக மூன்று கேள்வி கேளுங்கள்: இதில் பேசுகிறவர் யார்? இதில் பேசவிடப்படாதவர் யார்? இந்த ஓசை நம்மை என்ன செய்யச் சொல்லுகிறது? பெண்குழந்தைகளை முதல் வரிசையில் உட்கார வையுங்கள்; களையெடுக்கும் தாயார் வீட்டுக் குழந்தையை முதலில் பேச விடுங்கள். இந்த மூன்று கேள்வியையும் தேவாரத்துக்கும் கேளுங்கள், திரைப்பாட்டுக்கும் கேளுங்கள், நாளை நாம் வந்து பேசினால் நம் பேச்சுக்கும் கேளுங்கள்.

அந்த எட்டாம் வகுப்புக் குழந்தை மறுபடியும் ஒருநாள் அந்தப் பாட்டை ஒப்பிக்கட்டும். பாதியில் நிறுத்தி, "உத்தரவு போட்டது யாருங்க?" என்று கேட்கட்டும். அன்றைக்குத்தான் அவளுடைய தாயார் கட்டிய சம்பளம் வசூலானதாகும்.