எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக்கு

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



வாவிக்கு இப்பால் சூரியன் எழும் கரையை எழுவான்கரை என்றும், அப்பால் அவன் படும் கரையைப் படுவான்கரை என்றும் நம் முன்னோர் பெயரிட்டனர். தேற்றாத்தீவார் நாம் எழுவான்கரையார், தோணியேறினால் படுவான்கரை. இலங்கைத் தீவு முழுமைக்கும் அப்படி இரு கரைகள் உண்டல்லவா? கடந்த விடுமுறையில் நாமும், உடன் படிக்கும் நண்பர் ஒருவரும் மோட்டார் சைக்கிளில் இக்கரையிலிருந்து தலைமன்னார் வரை போய் வந்ததைப் பற்றிப் பேசும்படி செயலாளர் பணித்தார். போகும் வழி ஏறக்குறைய 220 மைல்.

நண்பர் மலையகத்தவர், மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றிற் பிறந்தவர். அவருடைய குடும்ப வரலாறு ஒரே வாக்கியம்: "மன்னாரில் எறங்கி நடந்து வந்தாங்க." யார் இறங்கினார், எந்த ஆண்டு, வழியில் எத்தனை பேரை இழந்தார் என்று சொல்ல அவர் வீட்டில் எவருமில்லை. "மச்சான், அந்த எடத்த ஒருக்கா பாத்துட்டு வருவமா?" என்று அவர் கேட்டதே இப்பயணத்துக்குக் காரணம்.

எமது அப்புச்சிக்கு இது பிடிக்கவில்லை. யுத்த காலத்தில் மட்டக்களப்பிலிருந்து பொலன்னறுவை போவதற்குள் எத்தனை சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறினோம் என்று விரல் மடித்துக் கணக்குச் சொன்னார். பின்னர், கொம்புச்சந்திப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுப் போங்கோ என்று விடை தந்தார்.

1924இல் கட்டிய பழைய கல்லடிப் பாலம் ஒதுங்கி நிற்க, 2013இல் திறந்த புதிய பாலத்தால் நகருக்குள் நுழைந்தோம். மன்னம்பிட்டியில் மகாவலிக்கு மேலே 2007 வரை ஒரே இரும்புப் பாலத்திற்றான் கோச்சியும் வாகனங்களும் மாறி மாறிப் போயின. இன்று வாகனங்களுக்குத் தனிப் பாலம். பொலன்னறுவையிலே சோழர் எடுத்த வானவன்மாதேவீச்சரம் என்னும் கற்கோயிலைத் தரிசித்தோம். ஆயிரம் ஆண்டளவு பழைமை வாய்ந்த அக்கோயிலைப் பற்றி மட்டும் ஒரு தனிப் பேச்சு பேசலாம். அது இன்று வேண்டாம்.

ஹபறணை கடந்து மரதன்கடவலைச் சந்தியில் கண்டி வீதியை அடைந்தபோது, வண்டியை நிறுத்தச் சொன்னார் நண்பர். தெற்கே கைகாட்டி, "அந்தப் பக்கம் போனா எங்க வீடு" என்றார். 1830கள் முதல் கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தபோது, இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி முதலிய சீமைகளிலிருந்து தோணியில் மன்னார்க் கரையில் இறங்கியவர்கள், காட்டினூடே நூறு மைலுக்கு மேல் நடந்து மாத்தளை சேர்ந்தனர். பேதியும் காய்ச்சலும் தாகமும் பலரை வழியிலேயே கொண்டுபோயின. இங்கிருந்து நாம் அவர்கள் வந்த திசைக்கு எதிராகப் போகிறோம் என்று அப்போதுதான் எமக்கு உறைத்தது. மிசன் பள்ளியிலே, எகிப்தை விட்டுப் புறப்பட்ட இஸ்ரவேலர் பாலைவனத்தில் எங்கெங்கே தங்கினர் என்பதை வரைபடம் போட்டுப் படித்தவர்கள் நாம். மாத்தளைக்கு நடந்தவர்களின் தங்குமிடம் ஒன்றையாவது எமக்குச் சொல்லத் தெரியாது. 2023இல் இருநூறாம் ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்குப் பலர் நடைபயணம் சென்றனர். அதை நாம் பத்திரிகையில் பார்த்ததோடு சரி.

மதவாச்சியில் இரவு தங்கினோம். மறுநாட் காலை செட்டிகுளம். 2009இல் அங்கே மெனிக் பாம் முகாமில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அடைபட்டிருந்தனர்; 2012இல் முகாமை மூடினர். நாம் பேசாமற் கடந்தோம். முருங்கன் தாண்டி, பாலாவிக் கரையிலே திருக்கேதீச்சரம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய அத்தலத்திற்கு 2022இல் குடமுழுக்கு நிகழ்ந்தது. நண்பர் நெடுநேரம் வணங்கினார். நடந்து போனவர்கள் இவ்வழி வந்த நாளில் இங்கே கோயில் இருக்கவில்லை. பறங்கியர் இடித்த கோயிலை மீண்டும் எடுக்க வேண்டுமென்று நாவலர் குரல் கொடுத்ததே 1872இற்றான்.

மன்னார்த் தீவிற் பனைகளும், தெருவை விட்டு விலக மறுக்கும் கழுதைகளும் எம்மை வரவேற்றன. ஒலி எழுப்பிப் பயனில்லை. இறங்கி நின்று கழுதையார் மனமிரங்கும் வரை காத்திருக்க வேண்டும்.

தலைமன்னார்த் துறை சிதைந்து கிடக்கிறது. 1914இல் தனுஷ்கோடிக்கும் இத்துறைக்குமிடையே கப்பலோட்டம் தொடங்கிற்று. 1948இற் குடியுரிமை இழந்த மலையக மக்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென 1964 ஒக்டோபரிற் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் முடிவாயிற்று. அதே டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் அழித்தது. ஆயினும் இராமேசுவரத்துக்குக் கப்பல் ஓடிற்று. 1980களில் யுத்தம் அதை நிறுத்தும் வரை மக்களை ஏற்றிற்று. மலையிலிருந்து அவர்களைக் கொண்டுவந்த கோச்சிக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர்.

துறையடியில் வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், சிறுவனாக இங்கே தேநீர் விற்றவராம். "ட்ரங்குப் பெட்டியைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு இருப்பாங்கள் தம்பி. சில கிழவிகள் முந்தானையில தோட்டத்து மண் முடிஞ்சு வச்சிருப்பாங்கள்" என்றார். நண்பர் கேட்டார்: "வந்தவங்க எங்க எறங்கினாங்க ஐயா?" பெரியவர் கரை நெடுகக் கையை வீசிக் காட்டினார். "தோணிக்கு ஒரு இடமா? காத்து எங்க விட்டுதோ அங்கதான்."

நண்பர் அவ்விடத்திலேயே மணலில் உட்கார்ந்துவிட்டார். பொழுது பட்டபின்பே எழுந்தார்.

திரும்பும் வழியில் மரதன்கடவலையிற் பிரிந்தோம். அவர் மாத்தளைக்கு பஸ் ஏறினார். நாம் தனியே ஊர் வந்தோம்.

சகோதரர்களே, சங்கம் சிவராத்திரிக்குத் திருக்கேதீச்சர யாத்திரை போவதாகப் பேச்சிருக்கிறது. கோயிலிலிருந்து தலைமன்னார் 25 மைல்தான். பஸ் பேசும்போது அதையும் சேர்த்துப் பேசும்படி செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறோம். நண்பரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.