குண்டு விழுந்த கட்டங்கள்



காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தால், காக்கைதான் தள்ளியது என்று நினைக்கும் மனம் நம் எல்லாருக்கும் உண்டு. அந்த மனத்தை இழித்துப் பேச நான் வரவில்லை. காரணம் தேடும் அந்தத் துடிப்பு இல்லாவிட்டால் நீங்கள் படித்த அறிவியலே பிறந்திருக்காது. சிக்கல் என்னவென்றால், தற்செயலும் காரணத்தின் வேடத்திலேயே வந்து நிற்கிறது.

1944 ஜூனில் ஜெர்மனியின் வி-1 பறக்கும் குண்டுகள் லண்டன்மீது விழத் தொடங்கின. தலைக்கு மேலே இன்ஜின் சத்தம் நின்றால் குண்டு இறங்குகிறது என்று பொருள். சில பகுதிகளில் மூன்று, நான்கு என்று விழுந்தன. பக்கத்திலேயே சில பகுதிகள் முழுசாகத் தப்பின. குறிப்பிட்ட இடங்களில்தான் கூட்டமாக விழுகின்றன என்ற பேச்சு பரவியது. அப்படி நம்புவதில் ஓர் ஆறுதல் இருக்கிறது. குறி என்று ஒன்று இருந்தால் வீடு மாறலாம், பிள்ளைகளை வேறிடம் அனுப்பலாம். குறியே இல்லையென்றால் எங்கே போவது?

1946-இல் ஆர்.டி. கிளார்க் என்ற காப்பீட்டுக் கணிப்பாளர் தென் லண்டனில் 144 சதுர கிலோமீட்டர் பரப்பை 576 சம கட்டங்களாகப் பிரித்தார். அதில் விழுந்தவை 537 குண்டுகள். எல்லாம் தற்செயலாக விழுந்திருந்தால் ஏறக்குறைய 227 கட்டங்கள் தப்பியிருக்கும் என்றது தற்செயல் நிகழ்வுகளைக் கணக்கிடும் பாய்சான் சூத்திரம். தப்பியவை 229. ஒரே ஒரு குண்டு விழுந்திருக்க வேண்டிய கட்டங்கள் 211; உண்மையிலும் 211. தற்செயல் என்பது பாத்தி கட்டி விதைத்த மாதிரி சீராக இருக்காது, கொத்துக் கொத்தாகத்தான் இருக்கும். நான்கு குண்டு விழுந்த கட்டத்தில் வாழ்ந்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. அவர்கள் வீட்டைத் தேடி எந்தக் குண்டும் வரவில்லை.

அப்படியானால் கொத்து எல்லாமே பொய்யா? இல்லை. அதே லண்டனில், 1854-இல், சோஹோவின் பிராட் தெருவைச் சுற்றிக் காலராச் சாவுகள் குவிந்தன. மருத்துவர் ஜான் ஸ்னோ தெருப் பம்பைச் சந்தேகித்தார். அதோடு நிற்காமல், தன் சந்தேகத்துக்குப் பொருந்தாதவர்களைத் தேடிப் போனார். அருகிலிருந்த ஏழையர் விடுதியில் 535 பேர். காலராவால் இறந்தவர்கள் 5 பேர்தான். அங்கே சொந்தக் கிணறு இருந்தது. பக்கத்து பீர் ஆலையில் 70-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களில் ஒருவரும் சாகவில்லை. அவர்கள் பம்புத் தண்ணீர் குடிப்பதில்லை. தொலைவில் ஹாம்ஸ்டெட்டில் ஒரு மூதாட்டி இறந்திருந்தார். அந்தத் தண்ணீரின் ருசி பிடித்துப்போய், வரவழைத்துக் குடித்தவர் அவர்.

செப்டம்பர் 8 அன்று பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. கொள்ளைநோய் அடங்கியது. வேறு யாராக இருந்தாலும் வெற்றி என்று முழங்கியிருப்பார்கள். ஸ்னோ எழுதியது வேறு: கைப்பிடியைக் கழற்றுமுன்பே நோய் வெகுவாகத் தணிந்துவிட்டது, ஆகவே கிணற்றில் நோய் நஞ்சு அப்போதும் இருந்ததா, இல்லையா என்று முடிவு கட்ட இயலாது.