ஆலந்தூர் காட்டிய வழி



"வரி கட்டுகிறோம், மாநகராட்சி பார்த்துக்கொள்ளட்டும்" என்று நாம் சொல்கிறோம். "மக்கள் ஒத்துழைப்பதே இல்லை" என்று அதிகாரிகள் சொல்கிறார்கள். இரண்டு தரப்பும் இதையே சொல்லிக்கொண்டிருந்தால் நம் தெருவில் தேங்கிய தண்ணீர் வடியுமா? வடியாது. இந்த வழக்கத்தை உடைத்த ஓர் ஊர் சென்னையிலேயே இருக்கிறது. அதுதான் ஆலந்தூர்.

இன்று அது சென்னை மாநகராட்சியின் ஒரு பகுதி. 1996 உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது அது தனி நகராட்சி. பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க். தொட்டி நிரம்பினால் கழிவுநீர் லாரிக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். லாரிக்காரர் குழாயைப் போட்டு உறிஞ்சும்போது தெருவே மூக்கைப் பிடித்துக்கொள்ளும். குளித்த தண்ணீரும் துவைத்த தண்ணீரும் திறந்த கால்வாயில் ஓடும். கொசு அங்கேதான் பெருகும்.

பாதாளச் சாக்கடைத் திட்டத்துக்கு ஏறத்தாழ 34 கோடி ரூபாய் தேவைப்பட்டது. நகராட்சியின் கஜானா அதற்குப் போதாது. அப்போது நகர்மன்றத் தலைவராக இருந்த ஆர்.எஸ். பாரதியும் உறுப்பினர்களும் அதிகாரிகளும் தெருத் தெருவாகப் போய்ப் பேசினார்கள். "இணைப்புக்கு முன்வைப்புத் தொகையாக வீட்டுக்கு 5,000 ரூபாய் கட்டுவீர்களா?" என்று மக்களிடமே கேட்டார்கள். அந்தக் காலத்தில் 5,000 ரூபாய் ஒரு நடுத்தரக் குடும்பத்துக்குச் சின்னத் தொகையா? ஒரு குழாய்கூடப் புதைக்காத நிலையில், வரப்போகும் வசதிக்காக யார் முன்பணம் கட்டுவார்கள்?

கட்டினார்கள் அய்யா! நலச்சங்கங்கள் வீடு வீடாக ஏறி இறங்கின. சந்தேகப்பட்டவர்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரரே விளக்கம் சொன்னார். மக்கள் பணம் சேரச் சேர, தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியத்தின் கடனும் அரசின் உதவியும் அதனுடன் சேர்ந்தன. 2000-இல் வேலை தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் இணைப்புகள் கிடைத்தன. நாட்டின் பல நகரங்கள் வந்து பார்த்துப் படித்த திட்டம் அது.

மக்கள் தனியாக முயன்றிருந்தால் 34 கோடி திரண்டிருக்காது. நகராட்சி தனியாக முயன்றிருந்தால் ஒரு வீடும் நம்பிப் பணம் தந்திருக்காது. பேச வேண்டியதை முன்கூட்டியே பேசி, இரண்டும் கைகோத்ததால்தான் காரியம் நடந்தது. நான் இன்று சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்.

சரி, மக்களும் மாநகராட்சியும் அப்படிக் கைகோக்க நமக்கு இன்று வழி இருக்கிறதா? இருக்கிறது. 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசமைப்புத் திருத்தம், 3 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழு வேண்டும் என்றது. கிராமத்துக்குக் கிராம சபை இருப்பதுபோல நகரத்துக்குப் பகுதி சபை வேண்டும் என்று பல ஆண்டுகள் குரல் எழுந்தது. தமிழ்நாட்டில் 2022-இல் அதற்கான விதிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று பகுதி சபைகள் கூடின.

ஆனால் கூட்டம் கூடினால் போதுமா? "எங்கள் தெருவில் விளக்கு எரியவில்லை" என்று சொல்லிவிட்டு வந்தால் அது காற்றோடு போகும். விளக்குக் கம்பத்தில் எண் எழுதியிருக்கிறது. அந்த எண்ணை மனுவில் எழுதுங்கள். எந்த நாள் முதல் எரியவில்லை என்று எழுதுங்கள். மாநகராட்சியின் 1913 தொலைபேசி எண்ணில் புகார் செய்திருந்தால் அந்தப் புகார் எண்ணையும் சேருங்கள். கூட்டக் குறிப்பில் அது பதிவாகிறதா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள். அடுத்த கூட்டத்தில் முதல் கேள்வி அதுவாகட்டும்.

நம் குடியிருப்போர் நலச்சங்க நண்பர்களுக்கும் உரிமையோடு ஒன்று சொல்கிறேன். சொந்த வீட்டுக்காரர் மட்டும் உறுப்பினர் என்றால் அது தெருவின் சங்கம் ஆகாது. வாடகைக்கு இருப்பவரும் அதே தண்ணீரைத்தான் குடிக்கிறார். குடிசைப் பகுதிப் பெண்கள்தான் குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கிறார்கள். அதிகாலையில் நம் குப்பையை அள்ளும் தூய்மைப் பணியாளருக்குத் தெரிந்த அளவு நம் தெருவை நமக்கே தெரியாது. அவர்களுக்கும் நாற்காலி போடுங்கள். அவர்களை முதலில் பேசச் சொல்லுங்கள்.

மாநகராட்சியிடமும் பணிவோடு கேட்கிறேன். எங்கள் வார்டுக்கு இந்த ஆண்டு எவ்வளவு ஒதுக்கினீர்கள், எந்த வேலைக்கு எவ்வளவு செலவானது என்று வார்டு அலுவலக வாசலில் தமிழில் எழுதி ஒட்டுங்கள். முடியாத வேலையை முடியாது என்று காரணத்தோடு சொல்லுங்கள். கணக்கைக் காட்டும் நிர்வாகத்தை மக்கள் நம்புவார்கள்; நம்பினால் உழைப்பும் தருவார்கள், பணமும் தருவார்கள். ஆலந்தூரே சாட்சி.

பெரியோர்களே, அடுத்த பகுதி சபைக்கு வீட்டுக்கு ஒருவர் வாருங்கள். பக்கத்து வீட்டில் குடியிருப்பவரையும் அழைத்து வாருங்கள். கையில் மனுவோடு வாருங்கள், பதில் வாங்காமல் திரும்பாதீர்கள். நம் தெருவுக்கு நாமே பொறுப்பு; அந்தப் பொறுப்புக்குத் துணை நிற்பது மாநகராட்சியின் கடமை.